கோத்தகிரியா, கொடைக்கானலா, வால்பாறையா, மேகமலையா? நடக்கப் போகிறவர்களுக்காக

மூன்று நான்கு நாள் லீவு கிடைத்திருக்கிறது, மலைக்குப் போக வேண்டும், ஆனால் தாவரவியல் பூங்கா, படகு, சாக்லேட் கடை என்று எல்லோரும் சுற்றும் அதே சுற்று வேண்டாம், காலாற நடக்க வேண்டும், ஏதாவது ஏரிக்கரையில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார வேண்டும், அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு காட்டு விலங்கைப் பார்க்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டு மேற்குத் தொடர்ச்சி மலையில் இப்படி யோசிக்கும்போது நான்கு பெயர்கள்தான் திரும்பத் திரும்ப அடிபடும்: நீலகிரி (என் கணக்கில் ஊட்டி இல்லை, கோத்தகிரி), கொடைக்கானல், வால்பாறை, மேகமலை. நான்கிலும் சோலைக்காடு உண்டு, தண்ணீர் உண்டு, மூடுபனி உண்டு. படத்தில் பார்த்தால் எது எந்த ஊர் என்றே சொல்ல முடியாது. வித்தியாசம் எங்கே தெரியும் என்றால், அங்கே போய் இறங்கிய பிறகு நம்மால் என்ன செய்ய முடியும், எதற்கு நம்மை விடுவார்கள் என்பதில்தான்.

இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் இது தெரியாமலேயே அறை போட்டுவிடுகிறார்கள். நம் ஊர் மலைகளில் நினைத்த இடத்தில் காட்டுக்குள் நுழைந்து நடக்க முடியாது. காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதி வேண்டும், புலிகள் காப்பகம் என்றால் இன்னும் கறார். 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்து போனார்களே, அதற்குப் பிறகு மலையேற்றத்துக்குத் தனியாக விதிகளே வந்துவிட்டன. காய்ந்த புல் சரிவில் தீ எவ்வளவு வேகமாக மேலே ஏறும் என்பதை நேரில் பார்த்தவர்கள் யாரும் அந்த விதிகளைக் குறை சொல்ல மாட்டார்கள். 2024 அக்டோபரில் அரசே 'ட்ரெக் தமிழ்நாடு' என்று ஒரு திட்டத்தைத் தொடங்கி 40 பாதைகளை அறிவித்தது. இணையத்தில் முன்பதிவு செய்தால், அந்தந்த மலையைச் சேர்ந்த, பெரும்பாலும் பழங்குடி இளைஞர்களான வழிகாட்டிகள் கூட வருவார்கள். சுலபம், நடுத்தரம், கடினம் என்று பிரித்திருக்கிறார்கள். ஆகவே இன்றைய தேதியில் 'எந்த மலை அழகு' என்று கேட்பதில் பயனில்லை. எந்த மலையில் முறையாக நடக்க முடியும், அந்த நடை என் காலுக்கும் கூட வருபவர்களின் காலுக்கும் ஒத்துவருமா என்பதைத்தான் கேட்க வேண்டும்.

அப்படிக் கேட்டால் என் முதல் ஓட்டு கோத்தகிரிக்கு. சுமார் ஆறாயிரம் அடி உயரம், ஊட்டி அளவுக்குக் குளிராது, கூட்டமும் கிடையாது, மேட்டுப்பாளையத்திலிருந்து 33 கிலோமீட்டர் மலைப்பாதை, பஸ் அடிக்கடி உண்டு. சென்னையிலிருந்து ராத்திரி நீலகிரி எக்ஸ்பிரஸில் ஏறினால் விடியற்காலை மேட்டுப்பாளையத்தில் இறங்கலாம். அங்கிருந்து மலை ரயிலில் குன்னூர் வரை போய், பிறகு பஸ்ஸில் கோத்தகிரி வருவது சுற்றுவழிதான், ஆனால் அந்தப் பல்சக்கரத் தண்டவாளத்தில் ரயில் மூச்சு வாங்கி ஏறுவதைப் பார்க்காதவர்கள் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். டிக்கெட் கிடைப்பதுதான் பெரும்பாடு, கிடைக்காவிட்டால் வருத்தப்படாமல் நேராக பஸ் ஏறிவிடுங்கள்.

ஊரிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே லாங்வுட் சோலை இருக்கிறது. 116 ஹெக்டேர்தான், காடு என்று பார்த்தால் சின்னது. ஆனால் சோலைக்காடு என்றால் என்னவென்று யாராவது கேட்டால் நான் அழைத்துப் போகும் இடம் இதுதான். வெளியே தேயிலைத் தோட்டத்தில் வெயில் சுள்ளென்று அடிக்கும், பத்தடி உள்ளே வைத்தால் வெளிச்சம் பச்சையாகிவிடும், கழுத்துப் பக்கம் சில்லென்று இருக்கும், மரப்பட்டை முழுக்கப் பாசியும் அதில் ஒட்டிக்கொண்டு சின்னச் சின்னப் பெரணிகளும். கீழே இலை மக்கி மக்கி மெத்தை மாதிரி ஆகியிருக்கும், காலை வைத்தால் சத்தமே வராது. அந்தப் பாசியை விரலால் லேசாக அழுத்திப் பாருங்கள், மழை பெய்து நாளானாலும் தண்ணீர் கசியும். சுற்றியுள்ள ஊர்கள் குடிக்கும் தண்ணீர் இந்தச் சோலையிலிருந்துதான் வருகிறது என்பதை அப்புறம் யாரும் நமக்கு விளக்க வேண்டியதில்லை. குழந்தைகளோடு, அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களோடு போகிறவர்களுக்கும் இந்த நடை தாங்கும். சிரிப்பான் குருவியின் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும், ஆளைப் பார்ப்பதுதான் கஷ்டம்.

கொஞ்சம் காலில் வலு உள்ளவர்கள் கரிக்கையூர் பக்கம் போகலாம். அங்கே பாறை ஓவியங்களுக்கு ஒரு பாதை, ரங்கசாமி மலைமுடிக்கு ஒரு பாதை, இரண்டும் அந்த 40 பாதைகளுக்குள் வருகின்றன. இன்னும் வலு இருந்தால் பார்சன்ஸ் வேலி என்ற பள்ளத்தாக்கிலிருந்து முக்கூர்த்தி குடிசை வரை போகும் பாதை. முக்கூர்த்தி தேசியப் பூங்கா வெறும் 78 சதுர கிலோமீட்டர்தான், ஆனால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை புல்வெளி, மடிப்புகளில் மட்டும் சோலை என்ற நீலகிரியின் அசல் முகம் அங்கேதான் மிச்சமிருக்கிறது, வரையாடும் அங்கே இருக்கிறது. வாய்ப்புக் கிடைத்தால் இந்த நடையை விட்டுவிடாதீர்கள். என்னைப் பொறுத்தவரை தமிழ்நாட்டில் ஒரே ஒரு நாள் நடை என்றால் அது இதுதான். கோத்தகிரியிலிருந்து தூரம் என்பதால் அதற்கு மட்டும் முதல் நாள் இரவு ஊட்டிக்கு வெளியே எங்காவது தங்கிக்கொள்வது நல்லது.

அவலாஞ்சி ஏரியைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே நாமாக நடக்க முடியாது, வனத்துறை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்க் காட்டிவிட்டுத் திருப்பிக்கொண்டு வந்து விடுவார்கள். அதுவும் தென்மேற்குப் பருவமழையில் அந்தப் பக்கம் தலைவைக்கவே வேண்டாம். 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டிய இடம் அது.

கொடைக்கானலுக்கு வருகிறேன். கொடைக்கானலைப் பற்றி நடப்பவர்கள் மத்தியில் ஓர் இளக்காரம் இருக்கிறது, அது நியாயமில்லை. நட்சத்திர வடிவ ஏரி, 1863இல் மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் கட்டியது, சுற்றிவர ஐந்து கிலோமீட்டர். காலை ஆறு மணிக்கு, கடைகள் திறப்பதற்கு முன்னால், அதை ஒரு சுற்று நடந்து பாருங்கள், கொடையைப் பற்றிய எண்ணம் மாறிவிடும். அனுமதி தேவையில்லை, வழிகாட்டி தேவையில்லை, சமதளம், மூட்டுவலிக்காரர்களும் நடக்கலாம். துடுப்புப் படகு வேண்டுமென்றாலும் இங்கேதான். தண்ணீரில் இறங்கி நாமே படகு வலிக்க வேண்டும் என்ற ஆசை உள்ளவர்களுக்கு மற்ற மூன்று இடங்களைவிடக் கொடைதான் சரி.

ஆனால் ஊருக்குள்ளேயே தங்கினால் அந்தக் காலை நேரத்தோடு சரி, பத்து மணிக்கு மேல் வண்டிகள்தான் ஊர்ந்துகொண்டிருக்கும். அதனால் மேற்கே போங்கள். பூம்பாறை, மன்னவனூர், கூக்கால், கவுஞ்சி என்று போகும் அந்தச் சாலைதான் கொடையின் நல்ல பாதி. பூம்பாறையில் படிப்படியாகப் பூண்டு வயல், நடுவே குழந்தை வேலப்பர் கோயில், வீடுகள் நெருக்கமாக. மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது, அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள், அதன் காரம் வேறு மாதிரி. மன்னவனூரில் புல்மேடு, ஆட்டுப்பண்ணை, கீழே ஏரி, அதில் பரிசல். கூக்கால் ஏரியில் பெரும்பாலும் யாருமே இருக்க மாட்டார்கள். இங்கெல்லாம் கிராமத்து வழிகளிலும் வயல் வரப்புகளிலும் நடக்கலாம், காட்டுக்குள் போகாமலேயே ஒரு நாள் முழுக்கக் கால் வலிக்கும் அளவுக்கு நடை கிடைக்கும்.

பேரிஜம் ஏரிக்கு ஒரு நாளைக்கு இத்தனை வண்டி என்று கணக்கு வைத்து அனுமதி தருகிறார்கள், யானை நடமாட்டம் என்றால் அந்த அனுமதியும் நின்றுவிடும். அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். கிடைத்தால் போய்ப் பாருங்கள், அவ்வளவுதான்.

கொடையில் உண்மையான மலை நடை வட்டக்கானலிலிருந்து வெள்ளகவி கிராமத்துக்கு இறங்குவது. காலங்காலமாக அந்த ஊர் மக்கள் அரிசியும் மண்ணெண்ணெயும் சுமந்து நடந்த பாதை, அப்படியே கீழே கும்பக்கரை அருவி வரை, பெரியகுளம் பக்கம் போய்ச் சேர்கிறது. ஊருக்குள் செருப்புப் போட மாட்டார்கள், ஊர் முழுக்கவே கோயில் என்பது அவர்கள் நம்பிக்கை. நீங்களும் எல்லையில் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள், யாராவது சொல்லட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இறக்கம் என்பதால் சுலபம் என்று நினைக்காதீர்கள். ஏறுவதைவிட இறங்குவதுதான் முழங்காலைப் பதம் பார்க்கும், அதுவும் சரளைக்கல் பாதையில். நடந்து பழக்கமில்லாதவர்களை, குறிப்பாகப் புது ஷூ வாங்கி அன்றுதான் முதல்முறையாகப் போட்டு வருபவர்களை, இதில் இறக்கக் கூடாது.

சரி, வால்பாறை. இங்கேதான் பெரும்பாலானவர்களின் எதிர்பார்ப்பும் உண்மையும் இடிக்கின்றன. ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி மேலே போனால் மூன்றாயிரத்து ஐந்நூறு அடி உயரத்தில் ஒரு பீடபூமி, கண்ணுக்கு எட்டிய வரை தேயிலை, நடுநடுவே துண்டு துண்டாக மழைக்காடு. அந்தத் தேயிலை எல்லாம் தனியார் எஸ்டேட். அதைச் சுற்றியுள்ள காடெல்லாம் ஆனைமலை புலிகள் காப்பகம். அப்படியென்றால் நடப்பதற்கு எங்கே இடம்? மிகக் குறைவு. மானாம்பள்ளியில் வனத்துறையின் பாதை ஒன்று இருக்கிறது, முன்பதிவு செய்து போகலாம். மற்றபடி தங்கும் எஸ்டேட் பங்களாவைச் சுற்றி அவர்கள் காட்டும் வழியில் பகல் வெளிச்சத்தில் நடக்கலாம், அதோடு முடிந்தது. சாயங்காலம் ஆனால் தேயிலைப் புதருக்குள் சிறுத்தை படுத்திருக்கும் என்பது அங்கே வெறும் பயமுறுத்தல் இல்லை, பிள்ளைகளைப் பறிகொடுத்த குடும்பங்கள் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான அந்த லயன்களில் இருக்கின்றன. ராத்திரி 'சும்மா ஒரு ரவுண்டு' என்று வண்டியை எடுத்துக்கொண்டு விலங்கு தேடிப் போகிறவர்கள் தயவுசெய்து போகாதீர்கள். அந்த ஊர் மக்கள் தினமும் இந்த விலங்குகளோடு கவனமாக வாழ்ந்துகொண்டிருக்கிறார்கள், நாம் போய் அதைக் கெடுக்கக் கூடாது. யானை பக்கத்தில் இருந்தால் எரிகிற சிவப்பு விளக்குகளும், கைப்பேசிக்கு வரும் குறுஞ்செய்தியும் அவர்களுக்காக ஏற்படுத்தியவை. விளக்கு எரிந்தால் வண்டியை நிறுத்திவிட வேண்டும், படம் எடுக்க இறங்கக் கூடாது.

ஆனால் விலங்கு பார்ப்பது என்று வந்துவிட்டால் வால்பாறைக்குப் பக்கத்தில் மற்ற மூன்றும் நிற்க முடியாது. ஒன்பதாவது வளைவில், லோம்ஸ் காட்சிமுனையில், வரையாடு தடுப்புச் சுவர் மேலேயே நின்றுகொண்டிருக்கும். புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்குக் கூட்டம் சாலையோர மரத்திலேயே இருக்கும், அது சாலையைக் கடக்க மரத்துக்கு மரம் தொங்குபாலம் கட்டியிருக்கிறார்கள். உலகத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் இல்லாத குரங்கு, பிடரிமயிரும் வால் நுனியில் குஞ்சமுமாக நம் தலைக்கு மேலே உட்கார்ந்து பழம் உரித்துத் தின்கிறது. வாகனத்தை ஓரங்கட்டிப் பொறுமையாகப் பாருங்கள், பிஸ்கட் மட்டும் போடாதீர்கள். போட்டால் அது சாலைக்கு இறங்கும், இறங்கினால் ஏதாவது வண்டியில் அடிபடும். இருவாச்சி பறந்தால் கண்ணுக்குத் தெரியும் முன்னே சத்தம் காதில் விழும், அவ்வளவு பெரிய சிறகு.

தண்ணீர் விஷயத்தில் வால்பாறையில் ரொம்ப ஜாக்கிரதை. கூழாங்கல் ஆறு, சோலையாறு, எல்லாம் கணுக்கால் அளவு போலத் தெரியும், ஆனால் பாறைக்கு இடையே எங்கே ஆழம் என்று உள்ளூர்க்காரர்களுக்குத்தான் தெரியும். 2023 அக்டோபரில் சோலையாறு எஸ்டேட் பக்கம் குளிக்க இறங்கிய ஐந்து கல்லூரி மாணவர்கள் மூழ்கி இறந்து போனார்கள். நீந்தத் தெரியும் என்பது மலை ஆற்றில் உதவாது. அட்டையைப் பற்றியும் கேட்பார்கள். மழைக்காலத்தில் இருக்கத்தான் செய்யும். சாக்ஸ் பின்னலுக்குள்ளேயே நுழைந்துவிடும், கடித்தது தெரியவே தெரியாது, சாயங்காலம் ஷூவைக் கழற்றும்போது ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரியும். பிடுங்கி எறியாமல் உப்பு வைத்தால் தானே விழும், கொஞ்ச நேரம் ரத்தம் நிற்காது, பயப்பட ஒன்றுமில்லை.

மேகமலை எனக்கு மிகவும் பிடித்த இடம். ஆனாலும் இந்தப் பட்டியலில் அதைக் கடைசியில்தான் வைக்கிறேன். சின்னமனூரிலிருந்து ஏறும் பாதை, பூக்களின் பெயர் வைத்த வளைவுகள், மேலே ஹைவேவிஸ், மணலாறு, வெண்ணியாறு, இரவங்கலாறு, மகாராஜாமெட்டு என்று அணைநீர்த் தேக்கங்கள் தேயிலைக்கு நடுவே வளைந்து வளைந்து கிடக்கும். ஏரியும் மலையும் ஒரே காட்சிக்குள் வேண்டும் என்றால் இதற்கு ஈடில்லை. ஆனால் 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம் வந்த பிறகு இங்கே நாமாக நடக்கக்கூடிய இடம் சாலைதான், அதுவும் பகலில்தான். சோதனைச்சாவடியில் மாலைக்கு மேல் விடமாட்டார்கள். தங்குமிடம் கொஞ்சம்தான், சிக்னல் விட்டு விட்டு வரும், பஸ் எப்போதாவது. 2023 மே மாதம் அரிக்கொம்பன் யானை அந்தப் பக்கம் வந்தபோது சுற்றுலாவையே நிறுத்திவிட்டார்கள், அறை போட்டவர்கள் எல்லாம் திரும்ப வேண்டியதாயிற்று. சின்னச் சுருளியிலிருந்து தென்பழனிக்கு ஒரு மலையேற்றப் பாதை அறிவித்திருக்கிறார்கள், அது கடினமான வகை, பழகியவர்களுக்கு. மற்றபடி மேகமலை உட்கார்ந்து பார்க்கிறவர்களின் ஊர். ஒரு புத்தகம், ஒரு பைனாகுலர், பேசாமல் இருக்கத் தெரிந்த ஒரு துணை, இது போதும் என்பவர்கள் யோசிக்காமல் போகலாம்.

இடையில் ஒன்று. நடை, தண்ணீர், விலங்கு மூன்றுமே வேண்டும், பணம் கொஞ்சம் கூடச் செலவானாலும் பரவாயில்லை என்பவர்கள் பரம்பிக்குளத்தைப் பாருங்கள். கேரள வனத்துறையின் இடம்தான், ஆனால் சாலை வழி நம் பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்சிலிப் வழியாகத்தான். தங்கல், வழிகாட்டியோடு நடை, மூங்கில் தெப்பம், கன்னிமாரா தேக்கு மரம் என்று எல்லாவற்றையும் அவர்களே சேர்த்துத் தருகிறார்கள். நம் பக்கம் டாப்சிலிப்பிலும் பண்டாரவரைக்கு ஒரு நடைப்பாதை உண்டு, கோழிக்கமுத்தி யானை முகாமும் உண்டு. வால்பாறைக்குப் போய் 'நடக்கவே விடவில்லை' என்று புலம்புகிறவர்கள் பெரும்பாலும் போயிருக்க வேண்டிய இடம் டாப்சிலிப். இரண்டும் ஒரே காப்பகம்தான், பாதைதான் வேறு வேறு.

இப்போது மாதக்கணக்கு, ஏனென்றால் இடத்தைச் சரியாகத் தேர்ந்தெடுத்துவிட்டு மாதத்தில் கோட்டை விடுகிறவர்கள் அதிகம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. வால்பாறையும் நீலகிரியின் மேற்குப் பகுதியும் நனைந்து ஊறும், ஆனால் தொட்டபெட்டா மலை மறைப்பதால் கோத்தகிரியில் அந்த மழை அவ்வளவு இருக்காது. அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் தொடக்கம் வரை நிலைமை தலைகீழ். வடகிழக்குப் பருவமழை கோத்தகிரி, குன்னூர், கொடை மூன்றையும் பிடித்துக்கொள்ளும், மலைப்பாதையில் மண் சரியும். 2009 நவம்பரில் நீலகிரியில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் மண்சரிவில் இறந்தார்கள். பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை தீப்பிடிக்கும் காலம், மலையேற்றப் பாதைகளை மூடிவிடுவார்கள். ஏப்ரல், மே என்றால் கூட்டம். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி தொடக்கம் வரை நான்குமே நன்றாக இருக்கும், ஊட்டிப் பக்கம் மட்டும் காலையில் புல்லில் உறைபனி, நல்ல ஸ்வெட்டர் வேண்டும்.

இ-பாஸ், அதாவது இணையத்தில் எடுக்கும் நுழைவு அனுமதி, மறந்துவிடாதீர்கள். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே முதல் நீலகிரிக்கும் கொடைக்கும், 2025 நவம்பர் முதல் வால்பாறைக்கும் சொந்த வண்டி, வாடகை வண்டி எதில் போனாலும் வேண்டும். 2025 கோடையில் ஒரு நாளைக்கு நீலகிரிக்கு 6,000, கொடைக்கு 4,000 வண்டிகள், வார இறுதியில் 8,000, 6,000 என்று உச்சவரம்பே வைத்தார்கள். அரசு பஸ்ஸில் போனால் இந்தத் தொல்லை இல்லை, நடக்கத்தான் போகிறோம் என்றால் வண்டி எதற்கு என்றுகூட எனக்குத் தோன்றும். ஒரு லிட்டர், அரை லிட்டர் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலை நீலகிரியிலும் கொடையிலும் எடுத்துப் போகாதீர்கள், சோதனையில் பிடுங்கிவிடுவார்கள், பிடுங்கவும் வேண்டும். மான் வயிற்றிலும் யானைச் சாணத்திலும் நாம் போட்ட பிளாஸ்டிக்தான் கிடைக்கிறது. எவர்சில்வர் பாட்டில் ஆளுக்கு ஒன்று போதும்.

ஆக யாருக்கு எது? பெற்றோர், பிள்ளைகள் என்று கலந்து போகிற குடும்பம், அதில் இரண்டு பேராவது நடக்க விரும்புகிறவர்கள் என்றால் கோத்தகிரி. மற்றவர்கள் அறை வாசலில் வெயில் காயலாம், ஊரிலேயே கடை கண்ணி இருக்கிறது. மூட்டுவலி உள்ளவர்கள், படகு விரும்புகிறவர்கள், மதுரை, திண்டுக்கல் பக்கத்திலிருந்து போகிறவர்கள் என்றால் கொடை, ஆனால் தங்குவது பூம்பாறைக்கு அந்தப் பக்கம். கேமராவும் பொறுமையும் உள்ளவர்களுக்கு வால்பாறை. நடக்கத் தெம்புள்ள நண்பர்கள் கூட்டம் என்றால் ஊட்டிக்கு வெளியே தங்கி முக்கூர்த்தி, இல்லாவிட்டால் வெள்ளகவி. ஒரே பயணத்தில் இரண்டு மலையைச் சேர்த்துப் போடாதீர்கள். வால்பாறையிலிருந்து கொடை வரைபடத்தில் பக்கம்போலத் தெரியும், ஆனால் மலையிறங்கி, சமவெளியில் ஓடி, மறுபடி ஏறி என்று ஒரு பகல் முழுக்க வண்டியிலேயே போய்விடும், கூடவே வாந்தியும் வரும்.

தீபாவளி லீவு மட்டும்தான் கிடைக்கும் என்பவர்களுக்கு என் பதில் வேறு. அந்த நேரத்தில் கோத்தகிரியையும் கொடையையும் விட்டுவிடுங்கள். தென்மேற்கு மழை ஓய்ந்து ஓடைகளெல்லாம் நிறைந்திருக்கும் டாப்சிலிப்புக்கோ வால்பாறைக்கோ போங்கள், வனத்துறை விடுதியை முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள், கிளம்பும் முன் வானிலை அறிவிப்பைப் பாருங்கள். கோவைக்கு ஆரஞ்சு எச்சரிக்கை வந்திருந்தால் அறைக்குக் கட்டிய பணம் போனாலும் பரவாயில்லை, பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.